பதில் சொல்லப்பட்டது

செப்டம்பர் 10, சனி

கையால் எழுதிப் பல வருடம் ஆகிறது. கல்லூரி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. இன்று நடந்ததைக் குழுவின் மின்னஞ்சலில் எழுத முடியாது. வீட்டில் இவரிடமும் சொல்ல மனம் வரவில்லை. மகள் பாதியில் விட்டுப்போன ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் வாசகசாலைக்குப் போயிருந்தேன். துறைமுகத் தொழிலாளர் சங்கம் நடத்துவது. பார்வையற்றவர்களுக்கென்று அங்கே ஆறு கணினிகள் உண்டு. திரையில் இருப்பதைக் கணினியே வாசிக்கும். காதில் மாட்டிக்கொண்டு படிக்கலாம். முன்பு இருந்தது ஒரு கம்பெனியின் மென்பொருள். விலை கொடுத்து வாங்க வழியில்லாமல் மாதிரிப் பிரதியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை அது நின்றுவிடும். கணினியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி வாய் திறக்கும். "படித்துக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குகிற ஒன்றுக்கு நாம் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?" என்று சங்கக் கூட்டத்தில் பேசியது நான்தான். ஜூலையில் எங்கள் 'திறவுகோல்' குழு ஆறு கணினிகளையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். நாளிதழின் தூத்துக்குடிப் பதிப்பில் என் படத்தோடு செய்தி வந்தது.

ததேயு இன்று எனக்காகக் காத்திருந்தார். முப்பத்தாறு வயது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் தொலைபேசி இயக்குபவராக இருந்தவர். எல்லார் கையிலும் செல்போன் வந்தபின் அந்த நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். இப்போது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார். எங்கள் குழுவிலும் உறுப்பினர்.

"மேடம், ஒரு பத்து நிமிசம் திரைய அணைச்சுட்டு நீங்க கேக்கீங்களா?"

கேட்டேன். ஐந்தாறு வரிக்கு ஒருமுறை குரல் நின்றது. நின்றபின் விட்ட இடத்திலிருந்து தொடராமல் பத்தியின் தொடக்கத்துக்குப் போனது. இடையில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் அதற்கு அடுத்த தமிழ்ச் சொல்லை விழுங்கியது. அவருடைய குறிப்புகளில் பாதி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. முன்பிருந்த மென்பொருள் அவற்றையும் தமிழாக வாசித்துவிடும். இதில் திறந்தால் தமிழே வரவில்லை. ஜே, கே, அரைப்புள்ளி, எம் என்று விசைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது.

நான்கு நிமிடத்தில் காதிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு மாதமாக எத்தனையோ முறை அதைச் செயல்படுத்திக் காட்டியிருக்கிறேன். எப்போதும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன்.

"ரெண்டு வாரத்துல சரி பண்ணிரலாம் ததேயு" என்றேன்.

அந்தக் குரலைக் கவனித்துக்கொள்பவர் பெங்களூரில் இருக்கும் பிரகலாத் என்ற தன்னார்வலர். வேலை முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் செய்கிறார். ஏப்ரலுக்குப் பிறகு அவரிடமிருந்து பதில் இல்லை. எனக்கு அந்த நிரலில் கைவைக்கத் தெரியாது.


செப்டம்பர் 11, ஞாயிறு

மாவு அரைத்தேன். தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாருக்கு ஆள் வரச்சொன்னேன்.

சுடலைமணி வந்தார். பாளை ரோட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். குழு தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கிறார். வாசகசாலையில் ஆறு கணினிகளையும் மாற்றியது அவர் கைதான். ததேயு சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"ஒரு மிசின்ல மட்டும் பழச வச்சிருவோம்க்கா. இது சரியாகுத வரைக்கும்."

"ஒன்னுல வச்சா ஆறுலயும் வந்துரும் மணி. அப்புறம் இதச் சரிபண்ண யாருக்குத் தேவையிருக்கும்?"

"கொள்கை நமக்குக்கா. காது அவருக்குல்லா?"

இப்படிப் பேசுகிறவர்களால்தான் எந்த இயக்கமும் பாதியில் நிற்கிறது என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

என் பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகம் கேட்கும் வடிவத்தில் கட்டண மென்பொருளில்தான் திறக்க முடிகிறது. அதற்காக மகளின் பழைய மடிக்கணினியில் அதை வைத்திருக்கிறேன். அது வேறு விஷயம்.


செப்டம்பர் 24, சனி

இரண்டு வாரம் ஆகிவிட்டது. பிரகலாதுக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை.

"இப்ப கொஞ்சம் தேவலை மேடம்" என்றார் ததேயு.

இடையில் யாரும் எதையும் மாற்றவில்லை. இருந்தாலும் மாத அறிக்கையில் "பயனர்கள் முன்னேற்றத்தை உணர்கிறார்கள்" என்று எழுதினேன். ஒரு பயனர் உணர்வதாகச் சொன்னார், எழுதினேன்.


அக்டோபர் 2, ஞாயிறு

குழுவின் பதாகைக்கு ததேயுவின் படம் எடுத்தோம். காதில் கருவியோடு சிரிக்கிறார். நல்ல படம்.


அக்டோபர் 15, சனி

பழைய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் வண்டியிலிருந்து ததேயு இறங்குவதைப் பார்த்தேன். தோளில் பை. நடத்துநர் கைப்பிடித்து இறக்கிவிட்டார். போய்ப் பேசினேன்.

"எங்க போய்ட்டு வாரீங்க?"

கொஞ்சம் தயங்கினார். "ஆறுமுகநேரிக்கு மேடம். கூடப் படிச்ச ஒருத்தன் வீட்ல பழைய குரல் இருக்கு. காசு குடுத்து வாங்குனது, நிக்காது. வாரத்துல மூணு நாள் அங்க போய்ப் படிக்கேன்."

"எப்பத்துலேருந்து?"

"ஆகஸ்ட்லேருந்து."

முப்பது கிலோமீட்டர். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேம்லா. அப்புறம் நீங்க கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். குழுவில் இதை யாருக்கும் சொல்லவில்லை. அது அவருடைய சொந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.


நவம்பர் 5, சனி

மதுரையில் டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் மாநாடு. பார்வையற்றோர் அமர்வை நான் நடத்த வேண்டுமாம். பயன்படுத்துகிற ஒருவரை அழைத்து வந்து பேசவைத்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். வாசகசாலையில் ததேயுவிடம் கேட்டேன்.

"என்ன பேசணும் மேடம்?"

"உள்ளதப் பேசுங்க."

காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "உள்ளதப் பேசுனா ஒங்களுக்குச் சங்கடமா இருக்காதா?" என்று கேட்டார்.

"முன்னேற்றத்தப் பத்திப் பேசுங்க. எதுலயும் குறை இருக்கத்தான் செய்யும். குறைய மட்டும் சொன்னா புதுசா வாரவங்க பயந்துருவாங்க."

"சரி மேடம். நீங்க எழுதுத மாதிரியே சொல்லிருதேன்."

நான் மறுக்கவில்லை.


டிசம்பர் 11, ஞாயிறு

மதுரை. அரங்கு நிறைந்திருந்தது. ததேயு பன்னிரண்டு நிமிடம் பேசினார். இவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. நாற்பது நிமிடத்தில் நின்றுபோகும் பழைய குரலைப் பற்றிச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. "இப்ப என் வாசிப்புக்கு யாரும் பூட்டுப் போட முடியாது" என்றபோது எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் ராஜகனி என்று ஒரு டீச்சர் எழுந்தார். கோவில்பட்டிக்கு வெளியே பார்வையற்ற பெண்களுக்கான விடுதியில் காப்பாளராகவும் கணினி ஆசிரியையாகவும் இருக்கிறார். அவருக்கும் ஒரு கண்ணில் கொஞ்சம்தான் பார்வை. விடுதியில் பதினோரு பெண்கள் மார்ச்சில் பிளஸ் டூ எழுதுகிறார்களாம். இப்போதே மாற்றினால் பாடங்கள் எல்லாம் தடையில்லாமல் வாசிக்குமா என்று கேட்டார். பதில் சொல்லப்பட்டது. அமர்வு ஐந்து மணிக்கு முடிந்தது.

திரும்பும் பேருந்தில் ததேயு ஜன்னல் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். எட்டயபுரம் தாண்டியதும், "மேடம், இனி மேடைக்கு என்னக் கூப்பிடாதீங்க" என்றார். சரி என்றேன். காரணம் கேட்கவில்லை.


டிசம்பர் 28, புதன்

கோவில்பட்டி விடுதிக் கணினிகளை மாற்ற மதுரை நண்பர்கள் போகிறார்களாம். எங்கள் வழிகாட்டிக் குறிப்பைக் கேட்டார்கள். அனுப்பினேன்.


ஜனவரி 8, ஞாயிறு

விடுதியில் ஆறு கணினிகளை மாற்றி முடித்துவிட்டார்கள். பழையதை முழுக்க அழித்தாயிற்று. குழுவில் படங்கள் வந்தன. எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன்.

சுடலைமணி மட்டும் எதுவும் போடவில்லை. போனில் கூப்பிட்டார்.

"அக்கா, அங்க டீச்சர்மார் அடிச்ச நோட்ஸ் எல்லாம் பழைய எழுத்துருவுலதான இருக்கும்?"

"இருக்காது மணி. இப்ப யாரு அதுல அடிக்கா?"

எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.


ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. பனங்கிழங்கு அவித்தேன். இரண்டு வேளைக்கும் பாத்திரம் கழுவி முதுகு பிடித்துக்கொண்டது. வேறு எதையும் நினைக்க நேரமில்லாதது நல்லதாகப் போயிற்று.


ஜனவரி 27, வெள்ளி

மத்தியானம் வகுப்புக்குப் போகும் வழியில் ராஜகனி டீச்சர் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"தொந்தரவு பண்ணுதேன்னு நெனைக்காதீங்க மேடம். எங்களுக்குத்தான் பயன்படுத்தத் தெரியல போல. நோட்ஸத் தெறந்தா என்னமோ எழுத்தெழுத்தா சொல்லுது. வாசிச்சாலும் நின்னு நின்னு போவுது. பிள்ளைகளும் மூணு வாரமா முட்டி மோதிப் பாக்குதுங்க. அந்தத் தம்பி எப்படிப் படிக்காருன்னு தெரிஞ்சா அதே மாதிரி செஞ்சுக்கிடுவோம். அவர் நம்பரக் குடுங்களேன்."

வகுப்பு இருக்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்றேன். வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

டிசம்பர் பதினொன்றாம் தேதி எழுதியதை எடுத்துப் பார்த்தேன். 'பதில் சொல்லப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். டீச்சர் கேட்டது ததேயுவிடம். "தம்பி, நீங்க சொல்லுங்க" என்றுதான் கேட்டார். ததேயு வாயைத் திறக்காமல் நான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் பொய் சொல்லிவிட முடியாமல் தடுமாறியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மைக்கை என் பக்கம் இழுத்து, "தாராளமா மாத்தலாம், எந்தத் தடையும் இருக்காது" என்று சொன்னது நான். எனக்கு மட்டுமேயான இந்த நோட்டில்கூட அதை எழுத என்னால் முடியவில்லை.


ஜனவரி 28, சனி

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ததேயுவின் வீடு. இத்தனை மாதத்தில் இன்றுதான் முதல்முறை போகிறேன். உட்காரச் சொல்லிவிட்டு அவராகவே பேச்சை எடுத்தார்.

"அந்த டீச்சர் நேத்து சாயங்காலமே கூப்பிட்டாங்க மேடம். மதுரைக்காரங்ககிட்ட என் நம்பர் வாங்கிருக்காங்க."

"என்ன சொன்னீங்க?"

"மேடம் நேர்ல வந்து சொல்லுவாங்கன்னு சொன்னேன்."

வெளியே வலை காயப்போடும் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ஏன் அன்னைக்கு மேடையில அப்படிப் பேசுனீங்க?" என்று கேட்டுவிட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்பது வார்த்தை வெளியே வந்தபின்தான் உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. "எங்க போனாலும் எனக்கு ஒரு நாற்காலியப் போட்டு ஒக்கார வச்சுருவாங்க மேடம். டீ குடுப்பாங்க. அவ்வளவுதான். நீங்கதான் வந்த அன்னைக்கே, 'நாலு பேருக்கு இதச் சொல்லிக்குடுங்க'ன்னு வேலை குடுத்தீங்க. அப்படிப்பட்ட ஆளு மனசு நோகக் கூடாதுன்னு இருந்துட்டேன். அது என் தப்பு."

"ஒங்க தப்பு இல்ல."

"என் தப்புதான் மேடம். அதையாவது எனக்கு விட்டுருங்க."

பிறகு செல்போனை எடுத்து ஏதோ ஒலிக்கவிட்டார். அவருடைய குரல்தான். ஆகஸ்ட் மூன்று, எந்தப் பக்கம், எந்த வரி, எந்தச் சொல்லில் நின்றது. ஆகஸ்ட் ஐந்து, எண்களை எப்படித் தவறாக வாசித்தது. இப்படி நாற்பத்தொரு குறைகள், தேதியோடு.

"யாருக்காக இதச் சொல்லி வச்சீங்க?"

"குழுவுக்குத்தான். மென்பொருள்ல குறை கண்டா எழுதணும், அதுதான் நம்ம மொதக் கடமைன்னு நீங்கதான சொன்னீங்க? கேப்பீங்கன்னு வச்சிருந்தேன். கேக்கல."


ஜனவரி 30, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு கோவில்பட்டி போனேன். சுடலைமணி கடையை அடைத்துவிட்டுக் கூடவே வந்தார். பேருந்தில் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் கெட்டியா நின்னுருக்கணும்க்கா" என்றார். குற்றத்தில் பங்கு கேட்கும் நல்லவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை.

ராஜகனி டீச்சரிடம் அறையில் வைத்துத் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூணு வாரமா கஷ்டப்பட்டது பிள்ளைகள். அவங்ககிட்டச் சொல்லுங்க."

பதினோரு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டு சொன்னேன். மென்பொருளில் குறை இருக்கிறது. மாநாட்டுக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் இல்லை என்று சொன்னேன்.

சந்தனமாரி என்ற பெண் கேட்டாள். "அப்போ மேடையில பேசுன அந்த அண்ணன் இதுல படிக்கலையா?"

"இல்லம்மா. அவரு பழைய குரல்லதான் படிக்காரு."

சந்தனமாரி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். எனக்குச் சொன்னதல்ல.

"பாத்தியாடி, நம்ம மக்கு இல்லயாம்."

மூன்று வாரமாக அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவன் படிக்கிறானே, நம்மால் ஏன் முடியவில்லை என்று. எங்கள் பதாகையில் சிரிக்கும் படத்தைப் பார்வையுள்ள யாரோ அவர்களுக்கு விவரித்தும் சொல்லியிருக்கிறார்கள்.

டீச்சர் அறையில் இருந்த ஏழாவது கணினியை மட்டும் மதுரைக்காரர்கள் மாற்றவில்லை. அன்று ஏதோ பழுது. அதில் பழைய குரல் இன்னும் இருக்கிறது. மற்ற ஆறிலும் மறுபடி பழையதைப் போட சுடலைமணி கம்பெனிக்குப் பேசினார். விலை கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் அழித்தபின் திரும்பப் போட அவர்கள் அனுமதி எண் தர வேண்டும். அந்தப் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"இதுக்குத்தான் நம்ம இவனுவளே வேண்டாம்னு வந்தோம்" என்றார் சுடலைமணி. உண்மைதான். ஆனால் அன்று அந்த அறையில் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

ஒரு கணினி, பதினோரு பேர், ஆறு வாரம்.


பிப்ரவரி 9, வியாழன்

பதினைந்து நாள் விடுப்பு. விடுதியின் பாடக் குறிப்புகளைப் பழைய எழுத்துருவிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். மாற்றும் நிரல் கொம்பையும் துணைக்காலையும் இடம் மாற்றிப் போடுகிறது. கண்ணால் பார்த்தால் சட்டென்று தெரிவதில்லை. ததேயு காதால் கேட்டு, "இந்த எடத்துல தப்பு" என்கிறார். தமிழும் பொருளாதாரமும் முடிந்தன. வரலாறு ஐந்நூறு பக்கத்துக்கு மேல்.

தேர்வுக்குப் படிக்கவில்லையா என்று அவரிடம் கேட்டேன். "அது அடுத்த வருசமும் வரும்" என்றார்.


பிப்ரவரி 12, ஞாயிறு

குழுக் கூட்டம். நடந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி எடுத்துப் போய் வாசித்தேன். மடிக்கணினி விஷயத்தையும் சேர்த்து வாசித்தேன். அதில் கட்டண மென்பொருளைப் போட்டுத் தந்தது சுடலைமணிதான். செப்டம்பரில் நான் அவரிடம் இயக்கம் பற்றிச் சத்தம் போட்டபோது அவர் அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். இன்றும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை விடுகிறேன் என்றதை யாரும் மறுக்கவில்லை. யாராவது மறுப்பார்கள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

அந்தக் கடிதத்தைப் பொதுவெளியில் வெளியிட வேண்டும் என்றபோதுதான் சண்டை வந்தது. தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற வேலாயுதம் சார் எழுந்தார்.

"ஒங்க மனசாட்சிக்கு இதச் செய்யுதீங்க. ஆனா நாளைக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் கம்பெனிக்காரன் இதக் காட்டுவான். பத்து வருச வேலை போச்சு. பேசாம குறையச் சரி பண்ணுங்க, போதும்."

"யாரும் சொல்லாத குறைய எப்படி சார் சரி பண்ணுவாங்க?" என்று ததேயு கேட்டார். "எல்லாருக்கும் தெரியுத மாதிரி எழுதி வைக்கலாம்ங்கறதுக்குத்தான் நான் இந்தக் குழுவுக்கே வந்தேன். மூடி வைக்கணும்னா கம்பெனியே போதுமே."

வாசகசாலையில் இரண்டு கணினிகளில் பழைய மாதிரிப் பிரதியும் இருக்கட்டும் என்று முடிவானது. ததேயுவும் அதற்குக் கை தூக்கினார். வேலாயுதம் சார் வெளிநடப்புச் செய்தார். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். "நீங்களுமாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடிதத்தை அன்றே வெளியிட்டோம்.


பிப்ரவரி 22, புதன்

கூட்டத்துக்கு மறுநாளே ததேயு நாற்பத்தொரு குறைகளையும் தன் பெயரில் பொதுப் பட்டியலில் பதிந்தார். பிரகலாத் இன்று பதில் எழுதியிருக்கிறார். குரல் நின்றுபோவதைச் சரிசெய்துவிட்டாராம். ஒன்பதே நாள். 'எந்த இடத்தில் என்று இவ்வளவு துல்லியமாக யாரும் இதுவரை சொன்னதில்லை, நன்றி' என்று ததேயுவுக்கு எழுதியிருக்கிறார்.

நான் அவருக்கு அனுப்பியவற்றைத் தேடிப் பார்த்தேன். மூன்று கடிதங்கள். மூன்றிலும் 'பணி எந்த அளவில் இருக்கிறது' என்றுதான் கேட்டிருக்கிறேன். எந்த வரியில் நிற்கிறது என்று ஒன்றில்கூட இல்லை. அப்படி எழுதியிருந்தால் அது எல்லாரும் பார்க்கும் பட்டியலில் நின்றிருக்கும். மாநாட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

கட்டற்ற மென்பொருள் என்னைக் கைவிடவில்லை. நான்தான் அதைப் பூட்டி வைத்திருந்தேன்.


மார்ச் 6, திங்கள்

வரலாற்றில் கடைசி நான்கு பாடங்களை முடிக்க முடியவில்லை. முடித்தவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருத்திய குரலையும் ஆறு கணினிகளில் போட்டாயிற்று. இப்போது நிற்காமல் வாசிக்கிறது. மூன்று பெண்கள் அதில் படிக்கிறார்கள். மற்றவர்கள் டீச்சர் அறைக் கணினிக்கு வரிசையில் காத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது ராஜகனி டீச்சர் வாசலுக்கு வந்தார்.

"பரீட்சை முடிஞ்சதும் என்ன வைக்கதுன்னு நாங்களே கேட்டுப் பாத்து முடிவு பண்ணிக்கிடுதோம். ஒங்க மேல கோவம் இல்ல மேடம். ஆனா ஒங்க வார்த்தைய நம்பி இன்னொரு தடவ பிள்ளைகள விட மாட்டேன்."

"சரிங்க டீச்சர்" என்றேன்.


மார்ச் 13, திங்கள்

இன்று தமிழ்த் தேர்வு. எனக்குக் கல்லூரியில் வேறொரு தேர்வுக்கு மேற்பார்வை. மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.


மே 8, திங்கள்

முடிவு வந்துவிட்டது. ஒன்பது பேர் தேர்ச்சி. இரண்டு பேர் இல்லை. அதில் ஒருத்தி சந்தனமாரி. வரலாற்றில் முப்பத்தொன்று.

ராஜகனி டீச்சரே கூப்பிட்டுச் சொன்னார். "போன வருசமும் ரெண்டு பேர் போனாங்க மேடம். இதுனாலதான்னு சொல்ல முடியாது" என்றார். இல்லை என்றும் சொல்ல முடியாது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சந்தனமாரியிடம் பேசலாமா என்று கேட்டேன். போனைக் கொடுத்தார்.

"ஜூன்ல மறுபடி எழுதலாம்ல? நான் சனி ஞாயிறு வந்து வரலாறு வாசிச்சுக் காட்டட்டுமாம்மா?"

பின்னால் விடுதியில் யாரோ சிரிப்பதும் தட்டுகள் வைக்கும் சத்தமும் கேட்டன.

"வேண்டாம் மேடம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "நீங்க வந்தா, நான் நல்லா இருக்க மாதிரி பேசணும்."

சரிம்மா என்றேன். வைத்துவிட்டாள்.


மே 13, சனி

கோவில்பட்டிக்குப் போகவில்லை. வரலாற்றில் மீதி இருந்த நான்கு பாடங்களில் ஒன்றை முடித்து ததேயுவுக்கு அனுப்பினேன். ஏழு இடத்தில் தப்பு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பட்டியலில், எல்லாரும் பார்க்கும்படி, என் பெயர் போட்டு.